பாண்டீஸ்வரிக்கு ஒதுக்கப்பட்ட தேதி

இராஜபாளையத்தில் எங்கள் கூட்டுறவு மருத்துவத் துணி ஆலையில் நடந்த சீர்திருத்தத்தைப் பற்றி ஊருக்குள் பலவிதமாகப் பேசிக்கொள்கிறார்கள். நடந்ததை நடந்தபடி பதிவு செய்வது என் கடமை. ஏனென்றால் அந்தச் சீர்திருத்தத்தைக் கம்ப்யூட்டரில் தட்டியவன் நான்தான். பெயர் விக்னேஸ்வரன், பதவி இளநிலை உதவியாளர். ஆலையில் டோக்கன் நம்பர் இல்லாதவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான், இன்னொருவர் ஆலையை நிர்வகிக்கும் தனி அலுவலர் மலைச்சாமி அவர்கள்.

காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் எங்களிடம் தயாராகின்றன. தொழிலாளர்கள் நாற்பத்திரண்டு பேர். அதில் நாற்பத்தோரு பேர் பெண்கள். மிச்சமிருக்கும் ஒருவர் மிஷின் ரிப்பேர் பார்க்கும் ஃபிட்டர் சிவபாண்டி. எங்கள் துணியின் பெருமையே ரத்தத்தை உறிஞ்சுவதுதான். தண்ணீரில் போட்டால் பத்து நொடிக்குள் முங்கிவிட வேண்டும், முங்காத துணி கேட்டைத் தாண்டாது. ஆலைக்கு யார் வந்தாலும் மலைச்சாமி சார் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, துணியை முங்கவிட்டுக் காட்டி, எம்புட்டு ரத்தம் வந்தாலும் குடிச்சிரும் என்பார். ரத்தம் என்ற சொல்லை ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்கிற மனிதர். அது காயத்து ரத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பங்குனி மாதம் சென்னைத் தலைமையகத்திலிருந்து நாலு வரியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. மாதவிடாய்க் காலத்தில் பெண் தொழிலாளர்களுக்கு மாதம் ஒரு நாள் சம்பளத்துடன் ஓய்வு தரவேண்டும் என்பது அதன் சாரம். சார் அதைப் படித்தார். என்னைக் கதவைச் சாத்தச் சொன்னார். மறுபடியும் படித்தார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"விக்னேஸ்வரன், மேற்படி விஷயம் எத்தனை நாளைக்கு ஒருக்க வரும்?"

எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம். வீட்டில் கேட்டிருக்கலாம். கூச்சமாக இருந்ததால் அன்று சாயங்காலம் போனில் தேடினேன். இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை என்று முதல் வரியில் இருந்தது. அதற்குள் என் மனைவி காபி டம்ளரோடு வந்துவிட, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இரண்டாவது வரியைப் படித்திருந்தால் நிர்வாகத்துக்கு நாலு மாத வேலை மிச்சமாகியிருக்கும்.

இருபத்தெட்டு என்ற எண் சாருக்குப் பிடிக்கவில்லை. சம்பளம், கரண்ட் பில், ஸ்டாக் கணக்கு எல்லாம் மாதக் கணக்கில் நடக்கும்போது உடம்பு மட்டும் தனிக் கணக்கு வைத்துக்கொள்வது ஒழுங்கீனம் என்று அபிப்பிராயப்பட்டார். எனவே மேற்படி இனி மாதம் ஒருமுறை, குறிப்பிட்ட தேதியில் என்று முடிவானது. ஒரே நாளில் பத்துப் பேருக்கு வந்தால் உற்பத்தி என்னாவது? ஆகவே நாளொன்றுக்கு இருவர். நாற்பத்திரண்டு டோக்கன், இருபத்தோரு தேதி, கணக்கு அம்சமாக அமைந்துவிட்டது. அதிலே சாருக்கு உண்மையிலேயே ஒரு சந்தோஷம். ஒதுக்கப்பட்ட தேதி ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் சனிக்கிழமையே முடித்துக்கொள்ள வேண்டும். மாதக் கடைசி வாரம் லாரியில் லோடு ஏற்றும் வாரம் என்பதால் அந்த வாரத்தில் யாருக்கும் வராது. இவ்வளவும் ஆணையில் உண்டு.

சாரைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வருகிறவர். ஆலைச் செலவில் ஒரு டீ குடித்ததில்லை. கெட்டவராக இருந்தால் சுற்றறிக்கையை பீரோவில் போட்டுப் பூட்டியிருப்பார். நல்லவராக இருந்ததால்தான் அமல்படுத்தினார்.

பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஏறிய அன்று சிவபாண்டி கையைத் துடைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். அவருடைய டோக்கன் பதினேழு. பதினேழுக்கும் பதினெட்டுக்கும் ஒன்பதாம் தேதி ஒதுக்கப்பட்டிருந்தது. நான் டோக்கன் வரிசையில் தட்டினேனே தவிர ஆள் யார் என்று பார்க்கவில்லை. ஆனால் சார் கையெழுத்துப் போட்ட ஆணையைத் திருத்த இளநிலை உதவியாளருக்கு அதிகாரம் கிடையாது. ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாளுக்குள் எழுத்துமூலம் கொடுங்கள், அதுவரை ஆணை ஆணைதான் என்று சொன்னேன். எழுத்துமூலம் என்னவென்று எழுதுவது என்று அவர் செத்த நேரம் யோசித்தார். பிள்ளைகுட்டிக்காரர். ஒன்பதாம் தேதி விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

டோக்கன் பதினெட்டு பெத்தம்மாள். துணி மடிக்கும் பிரிவில் மூத்தவர், வயது ஐம்பத்தெட்டு. அவரும் ஒன்பதாம் தேதி விடுப்பு எடுத்துக்கொண்டார். ஒருவர் ஆண், மற்றவருக்கு எப்போதோ நின்றுவிட்டது. ஆனால் தேதி தவறாதவர்களில் முதலிடம் இவர்கள் இருவருக்குத்தான் என்பதை ரிஜிஸ்டர் சொல்லும்.

மற்றவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒதுக்கிய தேதியில் விடுப்பு எடுத்து ரேஷன் வாங்கினார்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூட மீட்டிங்குக்குப் போனார்கள், நாத்தனார் வீட்டுக் காதுகுத்துக்குப் போனார்கள். உண்மையில் வந்த அன்று பல்லைக் கடித்துக்கொண்டு மிஷினில் நின்றார்கள். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் ரிஜிஸ்டர் கோடு போட்ட மாதிரி நின்றது. ஒரே ஒரு டோக்கனைத் தவிர.

அது டோக்கன் நாற்பத்தொன்று, பாண்டீஸ்வரி. வ. புதுப்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். இரண்டு வருடமாகத் தற்காலிகம், ஆடியில் நிரந்தரமாக வேண்டும். பெயரில் ஒரு மெமோ நிலுவையில் இருந்தாலும் நிரந்தரம் கிடையாது, கணக்கை முடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவளுக்கு ஒதுக்கப்பட்டது இருபத்தோராம் தேதி. அவளுக்கு வந்ததோ ஏப்ரல் எட்டு. முதல் நாள் அவளால் நிற்கவே முடியாது. அன்றைக்கு மடிப்பு மேஜையைப் பிடித்தபடியே சரிந்து, கட்டி வைத்திருந்த காஸ் துணிப் பேலின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கைத்தாங்கலாக பஸ் ஏற்றிவிட்டார்கள். அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் வந்தவள் விடுப்புக் கடிதத்தில் காரணத்தை உள்ளபடி எழுதிவிட்டாள்.

மெமோவைத் தட்டியதும் நான்தான். ஒதுக்கப்பட்ட தேதிக்குப் பதின்மூன்று நாள் முன்னதாக, உரிய முன் அனுமதியின்றி மேற்படி நிகழ்ந்தமைக்குத் தங்கள்மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தோம். அவள் ஒரு வரியில் பதில் கொடுத்தாள். எனக்கும் முன்கூட்டித் தெரிவிக்கப்படவில்லை என்பதே அந்த வரி. சார் அதைப் படித்துவிட்டு, பதில் முறைப்படிதான் இருக்கிறது, ஆனால் திருப்தியாக இல்லை என்று குறிப்பு எழுதினார்.

அடுத்தது மே பதின்மூன்றில் வந்தது. அதற்கடுத்தது ஜூன் பதினொன்றில். மூன்று மாதத்துக்கு மூன்று தேதி, மூன்று மெமோ. பெத்தம்மாள் அவளைத் தண்ணீர்க் குழாயடியில் வைத்துப் புத்தி சொன்னதை நான் கேட்டேன்.

"ஏட்டி, இருபத்தொண்ணுன்னு போட்டா இருபத்தொண்ணுக்கு லீவு எடுத்துட்டுப் போ. வந்த அன்னைக்கு வாயைப் பொத்திட்டு நில்லு. நாங்க எல்லாம் எப்படி நிக்கோம்?"

"நிக்க முடிஞ்சா நிக்க மாட்டேனா பெரியம்மா. காலு நிக்க மாட்டேங்குதே."

இதற்கிடையில் சார் முதல் காலாண்டு அறிக்கையைச் சென்னைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மற்ற ஆலைகளில் திட்டம் குளறுபடியாகக் கிடக்க, நம் ஆலையில் நாற்பத்திரண்டில் நாற்பத்தொன்று சரியான தேதியில் நடந்திருக்கிறது. அந்த ஒன்று மட்டும் சரியாகிவிட்டால் நூறு சதவீதம். ஆகவே பாண்டீஸ்வரி மீது விசாரணை வைப்பதென்றும், மூன்று மாதமும் வந்த தேதி முறையானதுதான் என்று அவள் நிரூபிக்கத் தவறினால் பணியிலிருந்து விடுவிப்பதென்றும் முடிவானது. மருத்துவ வல்லுநராகப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் அல்ஃபியாவை அழைத்தோம். ஒழுங்காக வருகிறவர்கள் சாட்சி சொல்ல வேண்டும் என்பதால் மற்ற நாற்பத்தொரு டோக்கனும் வந்து குடோனில் துணி பேல்களின்மேல் உட்கார்ந்துகொண்டார்கள்.

பாண்டீஸ்வரி ஒரு மாதக் காலண்டரைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தாள். பக்கீர் முகமது மளிகைக்கடையில் கொடுத்தது. வந்த தேதியை எல்லாம் பென்சிலால் வட்டம் போட்டிருந்தாள். ஏப்ரல் எட்டு, மே பதின்மூன்று, ஜூன் பதினொன்று, ஜூலை பதினான்கு. டாக்டர் அதை விரித்து வைத்து எண்ணினார். வந்த முதல் நாளிலிருந்து அடுத்தது வரும் முதல் நாள்வரைக்கும் ஒரு சுற்று என்று சொல்லிக்கொண்டே எண்ணினார். முப்பத்தைந்து, இருபத்தொன்பது, முப்பத்து மூன்று.

"இதுல தப்பு ஒண்ணும் இல்ல சார். இருபத்தொரு நாளுலருந்து முப்பத்தஞ்சு நாளு வரைக்கும் எப்ப வந்தாலும் சாதாரணம்தான். ஒருத்திக்கே மாசத்துக்கு மாசம் கூடும், குறையும்."

சார் பேனாவை மூடினார். "பதினாலு நாள் வித்தியாசத்தைச் சாதாரணம்னு எப்படிம்மா எடுத்துக்கிறது? இதுக்கு யாரு பொறுப்பு?"

டாக்டர் பொறுமைசாலி. தினமும் இருநூறு பேரைப் பார்க்கிறவர். மூளையிலிருந்து உத்தரவு கிளம்பும், அதைக் கேட்டு சினைப்பை ஒரு முட்டையை முதிர வைத்து வெளியே அனுப்பும், கரு வந்தால் தங்குவதற்காகக் கர்ப்பப்பை உள்ளே ஒரு மெத்தை போட்டு வைக்கும், கரு வராவிட்டால் அந்த மெத்தை கரைந்து ரத்தமாக வெளியேறும், அதுதான் மாதவிடாய் என்று விளக்கினார். அந்தச் சொல் எங்கள் குடோனுக்குள் சத்தமாகக் கேட்டது அன்றுதான். சிவபாண்டி மேலே கூரையைப் பார்த்தார். நான் பேலில் ஒட்டியிருந்த லேபிளைப் படித்தேன்.

ஆனால் சார் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "தலைமையகம் ஒண்ணு, கிளை ஒண்ணு, அதுக்குக் கீழ ஒரு குடோன். ஆக மூணு ஆபீஸு."

"அப்படியும் வச்சிக்கலாம் சார்."

"மூணு ஆபீஸு வழியா ஃபைல் வருது. பொறவு அது எப்படிம்மா தேதிக்கு வரும்?"

"அதைத்தான் நானும் சொல்லுதேன். முட்டை வெளியே வந்த பொறவு ஏறக்குறைய ரெண்டு வாரத்துல வந்துரும். அந்தப் பாதி பெரும்பாலும் மாறாது. அதுக்கு முந்தின பாதிதான் இழுக்கும், சுருங்கும். காய்ச்சல், கவலை, தூக்கமில்லாதது எது வேணும்னாலும் அதைத் தள்ளிப்போடும். இந்தப் புள்ளைக்கு மூணு மெமோ குடுத்திருக்கீங்க. அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்."

பிற்பாதி காலக்கெடுவுக்கு உட்பட்டது, முற்பாதி பரிசீலனையில் இருப்பது என்று சார் நோட்டில் எழுதிக்கொண்டார். முப்பது வருட சர்வீஸ்காரர். பரிசீலனையில் இருப்பதைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டாக்டர் பாண்டீஸ்வரியைப் பார்த்து, எழுந்து நிற்க முடியாத வலியைச் சும்மா விடக்கூடாது, நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வா, ஸ்கேன் பார்த்து மாத்திரை தாரேன் என்றார். இவ்வளவு காலமும் இதை அவளிடம் யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இத்தோடு முடிந்திருக்கும். டாக்டர் சும்மா இருக்காமல் ரிஜிஸ்டரைப் புரட்டினார்.

"மத்த எல்லாருக்கும் மூணு மாசமும் ஒரே தேதியா? இப்படி நான் எங்கேயும் பார்த்ததில்லையே. அதுலயும் இந்த ஒன்பதாம் தேதி ரொம்ப ஒழுங்கு. டோக்கன் பதினேழு யாரும்மா, கொஞ்சம் எந்திரிங்க."

சிவபாண்டி எழுந்து நின்றார்.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அப்போதும் அவர் சிவபாண்டியாகவே இருந்தார். சார் என்னைப் பார்த்தார். நான் லேபிளில் விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று சார் கேட்டதற்கு, ஆர்டரில் டோக்கன் நம்பர் சரியாக இருந்தது சார் என்று சிவபாண்டி தாழ்மையாகச் சொன்னார். பெத்தம்மாளும் எழுந்து, தனக்கு நின்று எட்டு வருடமாகிறது, நிர்வாகம் பார்த்துக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லக் கூடாதென்று வாங்கிக்கொண்டதாகச் சொன்னார்.

சாருடைய மூளை நேர்மையாக வேலை செய்யக்கூடியது. அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தேதி தவறியவள் சொன்னது உண்மை என்றால், தேதி தவறாதவர்கள் எழுதியது பொய். மூன்று மெமோவை ரத்து செய்து நாற்பத்தொரு மெமோ தட்ட வேண்டும். அது குடோனில் எல்லாருக்கும் புரிந்தது. எல்லாரும் பாண்டீஸ்வரியைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை நல்ல பார்வையாக இல்லை. அவள் காலண்டரைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அவிய யாரும் பொய் சொல்லல சார். நீங்க தேதி குடுத்தீங்க, குடுத்த தேதிக்கு லீவு எடுத்தாங்க. நெசமா வந்த அன்னைக்கு வலியோட வேலை பார்த்தாங்க. வேலை பார்த்ததுக்கு மெமோ உண்டா சார்?"

அதற்கு விதி இல்லை. சார் நோட்டை மூடிவிட்டார்.

அன்று சாயங்காலம் புதிய ஆணை பிறந்தது. தேதிப் பட்டியல் ரத்து. எந்த நாளில் வந்தாலும் ஆபீஸ் போனுக்கு ஒரு மெசேஜ் போட்டால் போதும். முன் அனுமதி வேண்டியதில்லை, அத்தாட்சி வேண்டியதில்லை, நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் இல்லை. யாரும் எந்தக் கேள்வியும் கேட்கக் கூடாது என்ற வரிக்குச் சாரே ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டார். பாண்டீஸ்வரியின் மூன்று மெமோவும் ரத்தாகி, அவள் வேலை நிரந்தரமானது. பெண்கள் அவளுக்கு லாலா கடையிலிருந்து அல்வா வாங்கிக் கொடுத்தார்கள். மனசு நிறைந்துபோய் நானும் ஒரு துண்டு வாங்கிக்கொண்டேன். ஒரு நல்ல கதை இங்கேதான் முடிய வேண்டும். ஆனால் ஆடி மாதம் முடியவில்லை.

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர். சுற்றுவட்டாரமே தேருக்குப் போகும். ஆலைக்கு மட்டும் விடுப்பு கிடையாது. கட்டுத்துணி அத்தியாவசியப் பொருள் என்று வருடாவருடம் சார் ஒரு நோட்டீஸ் ஒட்டுவார், பெண்கள் வருடாவருடம் மிஷின் பக்கத்தில் நின்று போனில் தேர் பார்ப்பார்கள். இந்த வருடமும் நோட்டீஸ் ஒட்டினோம்.

தேர் அன்று காலை ஆறு மணிக்கு என் போன் அடித்தது. பிறகு நிற்கவே இல்லை. ஏழரை மணிக்குள் நாற்பத்தோரு மெசேஜ். நாற்பத்தோரு பெண்களுக்கும் அன்றைக்குத்தான். எட்டு மணிக்கு சிவபாண்டி நேரில் வந்து, ஓடுகிற மிஷின் ஒன்றும் இல்லாதபோது ஃபிட்டருக்கு என்ன வேலை என்று நியாயமாகக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். தேர் நாளில் சார் எப்போதும் ஒரு மணி நேரம் தாமதமாக வருவார். ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருந்தார். போன் போட்டேன்.

"எத்தனை பேரு வரலை?"

"எல்லாரும் சார்."

"என்ன காரணம்?"

"மேற்படிதான் சார்."

மேளச் சத்தத்துக்கு நடுவே அதை இன்னொரு தடவை சொல்ல வைத்தார். பிறகு ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு உடனே வரச் சொன்னார்.

பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். சார் வேட்டியோடு, மேல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தேர் வடத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் நானும் பார்த்தேன். வடத்தைப் பிடித்தபடி எங்கள் ஆலை நின்றிருந்தது. மஞ்சள் சேலையும் தலை நிறையப் பூவுமாக முன்னால் பெத்தம்மாள், பின்னால் வரிசையாக மற்றவர்கள், வெளிவடத்தில் சிவபாண்டி.

மேற்படி நாட்களில் எங்கள் பக்கத்துப் பெண்கள் கோயில் வாசலை மிதிக்க மாட்டார்கள். திருவிழா வருகிறதென்றால் மாத்திரை போட்டுத் தள்ளிவைப்பவர்கள் உண்டு. வடத்தைத் தொடுவது நினைத்தே பார்க்க முடியாது. இதோ என் கையில் இருக்கும் ரிஜிஸ்டரின்படி நாற்பத்தோரு பேருக்கும் இன்றைக்குத்தான். நிஜம் என்றால் வடத்தை விடச் சொல்ல வேண்டும். பொய் என்றால் மெமோ கொடுக்க வேண்டும். இரண்டில் எது என்று தெரிய ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேட்கக் கூடாது என்று அவரே அடிக்கோடு போட்டிருக்கிறார். சார் ரிஜிஸ்டரைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார்.

"எனக்கு நின்னு எட்டு வருசமாச்சு, உங்களுக்கே தெரியும்," என்றார் பெத்தம்மாள். "மத்தவளுகளை நீங்களே கேட்டுக்கோங்க சார்."

எல்லாரும் வடத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். வரிசையின் கடைசியில் நின்ற பாண்டீஸ்வரி மட்டும் வடத்திலிருந்து கையை எடுத்துவிட்டு இரண்டு எட்டு முன்னால் வந்தாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அதனால்தான் எல்லாமே ஆரம்பித்தது.

"சார், எனக்கு நெசமாவே இன்னைக்குத்தான். பஸ் ஏறின பொறவுதான் தெரிஞ்சது, அப்பவே மெசேஜ் போட்டேன். டாக்டரம்மா குடுத்த மாத்திரையில வலி இல்ல. எல்லாருக்கும்னு எழுதியிருக்கும்போது நான் மட்டும் எதுக்கு ஒதுங்கணும்னு வந்து நின்னுட்டேன். போயிரணுமா சார்?"

மேலே தேரில் ஆண்டாள் இருந்தாள். அவளும் பெண்தான். பின்னாலிருந்து கூட்டம் நெருக்கியது, இழுங்க இழுங்க என்று சத்தம் வந்தது. சார் அந்தப் பிள்ளையின் முகத்தையும் ரிஜிஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் அழுதுவிடுவாள் போல நின்றாள்.

"ரிஜிஸ்டர்ல எல்லாருக்கும் ஒண்ணுதான் போட்டிருக்கு," என்றார். "போய்ப் பிடிம்மா."

சொல்லிவிட்டு அவளுக்குப் பின்னால் போய் அவரும் வடத்தைப் பிடித்தார். எனக்கும் நிற்கத் தோன்றவில்லை. ரிஜிஸ்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு நானும் பிடித்தேன். தேர் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு நகர்ந்தது. மற்ற வருடங்களில் எப்படி நகர்ந்ததோ அப்படியேதான் நகர்ந்தது.

தேர் நிலைக்கு வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் சாருக்கு ஒரு சந்தேகம் வந்தது. அன்றைக்கு ஆலை வேலைநாள். அவரும் நானும் வேலைக்குப் போகவில்லை. முன் அனுமதியும் வாங்கவில்லை. எந்த வகையில் விடுப்பு எழுதுவது என்று கேட்டார். முன் அனுமதி இல்லாமல், யாரும் கேள்வி கேட்காமல் எடுக்கக்கூடிய விடுப்பு நம் ஆலையில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்று சொன்னேன். அவர் ரிஜிஸ்டரை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று இரவு தினசரி அறிக்கை தட்டினேன். மொத்தப் பணியாளர் நாற்பத்து நான்கு. விடுப்பில் இருப்போர் நாற்பத்து நான்கு. காரணம் என்ற கட்டத்தில் அதுவரை மேற்படி என்றே போட்டுவந்தவன், அன்றுதான் மாதவிடாய் என்று முழுசாகத் தட்டினேன். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் என் சொந்த விடுப்பு, காரணத்தை உள்ளபடி எழுத வேண்டாமா?

சென்னையிலிருந்து பத்து நாளில் பதில் வந்தது. திட்டத்தை நூறு சதவீதம் பயன்படுத்திய முதல் ஆலை என்று பாராட்டியிருந்தார்கள். ஃபிரேம் போட்டு, வாளிக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கிறோம்.